‘ஏ’ என்பதா, ‘ஆன்’ என்பதா: எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள்

ஆங்கிலத்தில் ‘ஏ’ எங்கே வரும், ‘ஆன்’ எங்கே வரும்? தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்னும் ஐந்து எழுத்துகளில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ‘ஆன்’. மற்ற 21 எழுத்துகளுக்கு முன்னால் ‘ஏ’. மிச்சமிருப்பவை விதிவிலக்குகள், அவற்றை மனப்பாடம் செய்துகொள். நாமக்கல் நகரத்து டியூஷன் வகுப்பில் சொல்வதும் இதுதான்; காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போய்ச் சேரும் கொல்லிமலையின் உறைவிடப் பள்ளி விடுதியில் பிள்ளைகள் இரவுப் படிப்பில் உருப்போடுவதும் இதுதான்.

இந்த விதி தவறு. ஒன்றிரண்டு இடங்களில் சறுக்குகிற நல்ல விதி என்று இதற்குச் சலுகை தர முடியாது. காதால் அறிய வேண்டிய ஒன்றைக் கண்ணால் பார்த்துச் சொல்லச் சொல்கிறது. பிழை அதன் அடித்தளத்திலேயே இருக்கிறது. அதிலும் தமிழ் படித்த பிள்ளைக்கு, குறிப்பாக வீட்டில் ஆங்கிலம் கேட்டிராத மலைப்பகுதிப் பிள்ளைக்கு, இந்த விதியைப் போல அநியாயம் செய்யும் பாடம் வேறில்லை.

முதலில் எதிர்த்தரப்பின் நியாயத்தை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து எழுத்து விதியை ஒரு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். ஆப்பிள், எக், இங்க், ஆரஞ்சு, அம்ப்ரெல்லா என்று தொடக்க வகுப்புப் பாடநூலில் வருகிற பெரும்பாலான சொற்களுக்கு அது சரியான விடையே தரும். கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாவில் மதிப்பெண் வாங்கித் தரும். ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்த வேண்டிய பள்ளியில் உச்சரிப்புப் பயிற்சிக்கு நேரம் ஏது என்ற கேள்வியும் இருக்கிறது. ‘ஆங்கிலம் காதில் விழாத பிள்ளையிடம் ஒலியைக் கேள் என்றால் அது எதைக் கேட்கும்? கண்முன் இருக்கும் எழுத்தைப் பார்த்தாவது எழுதட்டும்’ என்கிறார்கள். இதைச் சொல்பவர்கள் பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர்கள்தான். ஆனால் அக்கறையோடு சொல்வதாலேயே தவறு சரியாகிவிடாது. என் மறுப்புகளை வரிசையாக வைக்கிறேன்.

1. ஆங்கிலத்தில் உயிர் ஐந்து என்பதே பொய்.

ஐந்து என்பது எழுத்துகளின் எண்ணிக்கை. உயிரொலிகளின் எண்ணிக்கை வேறு. பிரிட்டிஷ் ஆங்கிலத்தின் பொது வழக்கில் உயிரொலிகள் சுமார் 20. இருபது ஒலியையும் பெரும்பாலும் ஐந்து எழுத்துகளே மாறிமாறிச் சுமக்கின்றன. சில நேரம் அந்த ஐந்தும் சொல்லின் முதலில் நின்றுகொண்டு மெய்யொலியையும் சுமக்கின்றன.

மலையிலிருந்தே உதாரணம் எடுப்போம். பிள்ளை மழைக்குப் பிடிக்கும் அம்ப்ரெல்லாவும், அதன் உடம்பில் இருக்கும் யூனிஃபார்மும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. முன்னது ‘ஆன் அம்ப்ரெல்லா’. பின்னது ‘ஏ யூனிஃபார்ம்’. கோழி முட்டைக்கும் தைலமரத்துக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து ஒன்றேதான். ‘ஆன் எக்’, ஆனால் ‘ஏ யூக்கலிப்டஸ்’. மலையில் விளையும் ஆரஞ்சும், பேருந்தில் கொடுக்கும் ஒற்றை ரூபாய் நாணயமும் ஒரே எழுத்துதான். ‘ஆன் ஆரஞ்சு’, ஆனால் ‘ஏ ஒன் ருபீ காயின்’. எழுத்து மாறவில்லை, விடை மாறுகிறது. அப்படியானால் விடையைத் தீர்மானிப்பது எழுத்தில்லை என்பது தெளிவு. இவ்வளவு வெளிப்படையாகப் பொய்த்துப் போகும் ஒன்றைக் கணிதத்தில் விதி என்று எந்த ஆசிரியரும் சொல்ல மாட்டார். மொழிப் பாடத்தில் மட்டும் ஏன் சொல்கிறோம்?

2. ஆங்கில எழுத்தைத் தனியே உச்சரிக்கும் இடத்தில் விதி தூள்தூளாகிறது.

நம் நாட்டில் ஆங்கிலம் பெருமளவு புழங்குவது எழுத்துச் சுருக்கங்களாகத்தான். எம்.எல்.ஏ., எஃப்.ஐ.ஆர்., எல்.ஐ.சி., எக்ஸ்ரே என்று படிக்காதவர் வாயிலும் அவை வருகின்றன. இவற்றின் முன்னால் ஐந்து எழுத்து விதியை வைத்துப் பாருங்கள். ஆங்கில அகரவரிசையின் 26 எழுத்துகளில் எஃப், எச், எல், எம், என், ஆர், எஸ், எக்ஸ் ஆகிய எட்டும் ‘மெய்யெழுத்துகள்’. ஆனால் அவற்றின் பெயர்கள் உயிரொலியில் தொடங்குகின்றன. ‘யூ’ என்பது ‘உயிரெழுத்து’. அதன் பெயரோ மெய்யொலியில் தொடங்குகிறது. ஆக 26 எழுத்துகளில் 9 இடங்களில் விதி தலைகீழ். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவறும் ஒன்றை விதி என்று எப்படிச் சொல்வது?

கொல்லிமலைப் பிள்ளைக்கு இது ஏட்டுச் சிக்கலும் இல்லை. மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளை மேல்படிப்புக்குப் போக முதலில் கையில் வேண்டியது எஸ்.டி. சான்றிதழ். அதற்காக அந்தக் குடும்பம் வி.ஏ.ஓ.வைப் பார்க்கிறது, ஆர்.ஐ.யைப் பார்க்கிறது, கடைசியில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகிறது. அந்தப் பிள்ளை பின்னாளில் ஓர் ஆங்கில விண்ணப்பத்தில் இதையெல்லாம் எழுத நேர்ந்தால் ‘ஏ வி.ஏ.ஓ.’, ‘ஆன் ஆர்.ஐ.’, ‘ஆன் ஆர்.டி.ஓ.’, ‘ஆன் எஸ்.டி. சர்டிஃபிகேட்’ என்று எழுத வேண்டும். ஐந்து எழுத்து விதியை நம்பிய பிள்ளை நான்கில் மூன்றைத் தவறாக எழுதும். தன் வாழ்க்கையில் அதிகம் புழங்கும் சொற்களிலேயே ஒரு பாடம் பிள்ளையைக் கைவிடுகிறது என்றால், அந்தப் பாடம் யாருக்காக?

3. ‘விதிவிலக்கு’ என்று நாம் சொல்லும் எதுவும் விதிவிலக்கே இல்லை.

அவர், ஆனஸ்ட், ஆனர், ஏர். நேரம், நேர்மை, மரியாதை, வாரிசு என்னும் பொருளில் வரும் இந்த நான்கையும் அவற்றின் கிளைச் சொற்களையும் ‘எச் வந்தாலும் ஆன் போடு’ என்று தனிப் பட்டியலாக எழுதிப்போடுகிறோம். யூனிவர்சிட்டி, யூனியன், யூஸ்ஃபுல், யூரோப்பியன் என்று இன்னொரு பட்டியல். எம்.எல்.ஏ., எக்ஸ்ரே என்று மூன்றாவது பட்டியல். மூன்று பட்டியல் தேவைப்படும் விதி, விதியாக இருக்கும் தகுதியை இழந்துவிட்டது.

இப்போது ஒலி விதியைப் பாருங்கள். அடுத்து வரும் ஒலி உயிர் என்றால் ‘ஆன்’, மெய் என்றால் ‘ஏ’. அவ்வளவுதான். ‘அவர்’ என்பதில் எச் ஒலிப்பதில்லை, அகரம்தான் முதலில் கேட்கிறது, எனவே ‘ஆன்’. ‘யூனியன்’ என்பதில் யகரம் கேட்கிறது, எனவே ‘ஏ’. ‘எம்’ என்பதில் எகரம் கேட்கிறது, எனவே ‘ஆன்’. மூன்று பட்டியலும் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. எளிமை வேண்டும் என்றுதான் ஐந்து எழுத்து விதியைக் கட்டிக்கொண்டோம் என்பவர்களுக்கு இதைவிட எளிமை எங்கே கிடைக்கும்?

கொல்லிமலை மூலிகைக்குப் பேர்போனது. மூலிகைக்கு ஆங்கிலச் சொல் பிரிட்டனில் ‘ஹெர்ப்’, அமெரிக்காவில் பெரும்பாலும் ‘எர்ப்’. ஆகவே லண்டனில் ‘ஏ ஹெர்ப்’, நியூயார்க்கில் ‘ஆன் எர்ப்’. இரண்டு ஊரிலும் எழுத்துக்கூட்டல் ஒன்றே. இரண்டு விடையும் சரியே. ஐந்து எழுத்து விதியால் இதை விளக்க முடியாது. ஒலி விதிக்கு விளக்கமே தேவையில்லை. அவரவர் எப்படி ஒலிக்கிறாரோ அப்படி. நம் பள்ளிகளில் தலைமையாசிரியரை ‘ஹெச்.எம்.’ என்றே பலரும் சொல்கிறோம். பொது வழக்கின்படி ‘எச்.எம்.’ என்று சொல்பவர் ‘ஆன்’ போடுவார், ‘ஹெச்.எம்.’ என்று சொல்பவருக்கு ‘ஏ’தான் இயல்பாக வரும். ஒரே பள்ளிக்குள், ஒரே மனிதருக்கு முன்னாலேயே ஒலி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

4. ஆங்கிலத்தின் சொந்த வரலாறே இந்த விதிக்கு எதிர்ச் சாட்சி.

‘ஏ’யும் ‘ஆன்’னும் இரண்டு சொற்கள் என்று நினைக்கிறோம். அவை ஒரே சொல். பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்று’ என்னும் பொருளில் இருந்த சொல்தான் பின்னாளில் இந்தச் சிறு அடைமொழியாகத் தேய்ந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் மெய்யொலிக்கு முன்னால் அதன் இறுதி னகரம் மெல்ல மெல்ல உதிர்ந்தது. உயிரொலிக்கு முன்னால் நிலைத்தது. எந்தப் புலவரும் உட்கார்ந்து எழுத்தைப் பார்த்து வகுத்த ஏற்பாடில்லை இது. பேசுகிறவர்களின் வாய், எது எளிதோ அதைச் செய்தது.

அந்த மாற்றம் நீண்ட காலம் நடந்தது. 1611-ல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் கால ஆங்கில வேதாகமத்தில் ‘ஆன் ஹவுஸ்’, ‘ஆன் ஹண்ட்ரட்’ போன்ற வழக்குகள் இருக்கின்றன. இன்று ‘ஏ ஹவுஸ்’, ‘ஏ ஹண்ட்ரட்’ என்றே எழுதுகிறார்கள். சொற்களின் முதலெழுத்து அன்றும் இன்றும் அதேதான். முதலில் வரும் ஹகரம் எவ்வளவு அழுத்தமாக ஒலித்தது என்பது மாறியது. அதைத் தொடர்ந்து ‘ஆன்’ விலகி ‘ஏ’ வந்தது. எழுத்துதான் தீர்மானிக்கிறது என்றால் இந்த மாற்றம் நடந்தே இருக்க முடியாது.

இன்னொரு சான்று. சமையல்காரர் இடுப்பில் கட்டும் ‘ஏப்ரன்’ ஒரு காலத்தில் ‘நேப்ரன்’. விரியன் வகைப் பாம்பைக் குறிக்கும் ‘ஆடர்’ ஒரு காலத்தில் ‘நாடர்’. ‘ஏ நேப்ரன்’ என்று ஒருவர் சொன்னதை ‘ஆன் ஏப்ரன்’ என்று இன்னொருவர் காதில் வாங்கினார். னகரம் ஒரு சொல்லிலிருந்து கழன்று மற்றொன்றோடு ஒட்டிக்கொண்டது. மக்கள் இந்தச் சொற்களை எழுத்தாகப் பார்த்துப் பழகியிருந்தால் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்காது. காதால் மட்டுமே பழகியதால்தான் நேர்ந்தது. ‘ஏ’, ‘ஆன்’ தேர்வு காதின் அரசாட்சிக்கு உட்பட்டது என்பதற்கு அந்த மொழியே விட்டுச்சென்ற தடயம் இது.

5. சொல்லோடு ‘ஆன்’னைச் சேர்த்துக் கட்டுவது இரண்டாவது பிழையைக் கூட்டிவருகிறது.

ஐந்து எழுத்து விதி எப்போதும் பட்டியலோடுதான் வகுப்புக்குள் வரும். ‘ஆன் ஆப்பிள், ஆன் எக், ஆன் ஆரஞ்சு’ என்று ராகம் போட்டுச் சொல்லவைக்கிறோம். ஆப்பிள் என்றால் ‘ஆன்’ என்று பிள்ளையின் மனதில் பதிகிறது. பிறகு ‘ரெட் ஆப்பிள்’ என்று வினாத்தாளில் வந்தால், ‘ஆன் ரெட் ஆப்பிள்’ என்று எழுதுகிறது. அந்தப் பிள்ளை மேல் என்ன தப்பு?

மலையில் மிளகுக்கொடி படர்வதற்காக நிற்கும் சில்வர் ஓக் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் ஓக் என்றால் ‘ஆன் ஓக்’. சில்வர் ஓக் என்றால் ‘ஏ சில்வர் ஓக்’. பழைய சில்வர் ஓக் என்றால் ‘ஆன் ஓல்ட் சில்வர் ஓக்’. மரம் ஒன்றுதான், முன்னால் ஒட்டும் சொல் மாறமாற அடைமொழியும் மாறுகிறது. பெயர்ச்சொல்லுக்கு இதில் எந்த உரிமையும் கிடையாது. அடுத்து வாயில் வரப்போகும் ஒலிக்குத்தான் உரிமை. எழுத்து விதியையும் அடுத்த சொல்லுக்கே பொருத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். பொருத்தலாம், ஆனால் பட்டியலாக உருப்போட்ட பிள்ளைக்கு அது தோன்றாது. ‘ஆன் ஓக், ஏ சில்வர் ஓக், ஆன் ஓல்ட் சில்வர் ஓக்’ என்று வாய்விட்டு மூன்று முறை சொன்ன பிள்ளைக்கு அதைத் தனியாக விளக்கவே வேண்டாம்.

6. இந்த விதி பிள்ளையின் காதை அடைத்து, தன்னம்பிக்கையையும் கெடுக்கிறது.

‘ஏ’யா ‘ஆன்’னா என்பதில் பிழை வந்தால் யாருக்கும் பொருள் விளங்காமல் போகாது. அதனால் இது சின்ன விஷயம் என்கிறார்கள். பிழை சின்னதுதான். அந்தப் பிழையை ஆசிரியர் திருத்தும் விதம் பிள்ளைக்குக் கற்பிப்பதோ சின்னது இல்லை.

நடப்பதைக் கவனியுங்கள். பிள்ளைக்கு ஐந்து எழுத்து விதியைச் சொல்கிறோம். அது நம்பிக்கையோடு அந்த விதியைப் பிடித்துக்கொண்டு, எச் என்பது மெய்தானே என்று ‘ஏ ஹவர்’ என்று எழுதுகிறது. சொன்ன விதியை அச்சுப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது. சிவப்பு மையில் தவறு என்று வட்டம் போடுகிறோம். ஏன் என்று கேட்டால், ‘அது விதிவிலக்கு’ என்கிறோம். அடுத்து ‘ஆன் யூனிஃபார்ம்’ என்று எழுதுகிறது. மறுபடியும் சிவப்பு வட்டம், மறுபடியும் விதிவிலக்கு. சொன்னபடி செய்தால் அடி, சொல்லாததைச் செய்தால் மதிப்பெண். இதிலிருந்து பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? ‘இங்கிலீஷுக்குக் காரணம் கிடையாது; அது தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்; எனக்கு வராது.’ தலைமுறையில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் வந்த பிள்ளை அந்த முடிவை எளிதில் மாற்றிக்கொள்வதில்லை.

கூடவே இன்னொரு கெடுதலும் நடக்கிறது. எழுத்தைப் பார்த்தே எல்லாம் முடிவாகும் என்று பழகிய பிள்ளை, எழுத்தில் இருப்பதையெல்லாம் வாயிலும் கொண்டுவருகிறது. ‘அவர்’ என்பது ‘ஹவர்’ ஆகிறது. ‘ஆனஸ்ட்’ என்பது ‘ஹானஸ்ட்’ ஆகிறது. உச்சரிப்புத் தெரியாததால் எழுத்து விதியைக் கற்பிக்கிறோம் என்று தொடங்கியவர்கள், எழுத்து விதியாலேயே உச்சரிப்பைக் கெடுத்து முடிக்கிறார்கள்.

7. தமிழ்ப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த அறிவை இந்த விதி வீணடிக்கிறது.

என் மறுப்புகளில் முதன்மையானது இதுதான். எதிர்த்தரப்பு, தமிழ்வழிப் பிள்ளையிடம் ஒலியறிவு இல்லை என்று எண்ணிக்கொள்கிறது. உண்மை நேரெதிர். இந்தத் தேர்வுக்கு வேண்டிய அறிவு முழுவதும் அந்தப் பிள்ளையின் தமிழ்ப் பாடத்திலேயே இருக்கிறது.

தமிழ் இலக்கணத்தில் எழுத்து என்றால் முதலில் ஒலி, பிறகுதான் வரிவடிவம். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது. உந்தியிலிருந்து கிளம்பும் காற்று ஒவ்வோர் எழுத்தாகவும், நாக்கும் பல்லும் உதடும் அண்ணமும் எப்படிச் சேரும்போது பிறக்கிறது என்று அது சொல்கிறது. ஒன்று என்னும் எண் உயிர்முதல் சொல்லோடு புணரும்போது ‘ஓர்’ என்றாகும் என்பதையும், இரண்டு ‘ஈர்’ ஆகும் என்பதையும் நம் இலக்கணம் பன்னெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. இன்றைய பேச்சிலும் எழுத்திலும் ‘ஒரு ஊர்’ என்பது தாராளமாகப் புழங்குகிறது. ஆனாலும் உயிருக்கு முன் ஒன்று, மெய்க்கு முன் ஒன்று என்னும் ஏற்பாடு தமிழ் படித்தவருக்குப் புதிதில்லை. மணி என்பதும் அடித்தது என்பதும் சேர்ந்தால் ‘மணியடித்தது’ என்று நடுவில் ஒரு யகரம் வந்து இரண்டு உயிரையும் இணைக்கிறது. ஏன் வருகிறது என்று தமிழாசிரியர் விளக்கியிருக்கிறார். அதே தேவைக்காகத்தான் ஆங்கிலம் தன் பழைய னகரத்தை உயிருக்கு முன்னால் விடாமல் வைத்திருக்கிறது.

இதைவிட நேரடியான உதவியும் தமிழில் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். அவர், ஆனஸ்ட், எம்.எல்.ஏ., எக்ஸ்ரே, அம்ப்ரெல்லா: எல்லாம் உயிரெழுத்தில் தொடங்குகின்றன, எல்லாவற்றுக்கும் ‘ஆன்’. யூனிஃபார்ம், யூனியன், யூக்கலிப்டஸ், ஹவுஸ், பனானா: எல்லாம் உயிர்மெய்யில் தொடங்குகின்றன. உயிர்மெய்யில் மெய் முந்தி ஒலிக்கும், உயிர் பிந்தி ஒலிக்கும் என்பது தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே எல்லாவற்றுக்கும் ‘ஏ’. ஆங்கில எழுத்துக்கூட்டல் மறைத்துவைத்த ஒலியைத் தமிழ் வரிவடிவம் வெளியே எடுத்துக் காட்டிவிடுகிறது. ஆங்கிலேயப் பிள்ளைக்குக்கூட இப்படி ஒரு கருவி கையில் இல்லை. நம் பிள்ளையிடம் இருக்கிறது. நாம் அதை எடுக்கவிடாமல், ‘ஏ, ஈ, ஐ, ஓ, யூ’ என்று எழுத்தை எண்ணச் சொல்கிறோம்.

இனி எனக்கு எதிராக வரக்கூடிய வாதங்களுக்கு வருகிறேன்.

‘தமிழ் நாக்கு ஒலியைத் திரித்துவிடுமே?’ வலுவான கேள்வி. நாம் பேச்சில் ‘எங்கே’ என்பதை ‘யெங்கே’ என்றும், ‘ஒன்று’ என்பதை ‘வொண்ணு’ என்றும் ஒலிக்கிறோம். முன்னால் ஒரு யகரமோ வகரமோ தானாக வந்து ஒட்டுகிறது. மறுபக்கம், ஆங்கிலத்தில் யகரத்தோடு ஒலிக்க வேண்டிய வருடத்தையும், யகரம் இல்லாத காதையும் ஒரே மாதிரி ‘இயர்’ என்கிறோம். ஆங்கிலத்தில் காது ‘ஆன்’ வாங்கும், வருடம் ‘ஏ’ வாங்கும். ‘ஒன்’ என்று நாம் எழுதுவது ஆங்கிலத்தில் வகர ஒலியில் தொடங்குவதால் ‘ஏ ஒன் டே டூர்’ என்றே வரும். பக்கத்து மலையான ஏற்காட்டைத் தமிழில் ஏகாரத்தில் தொடங்குகிறோம். ஆங்கிலத்தில் யகரத்தில் தொடங்கி எழுதுகிறார்கள்.

இந்த இடங்களில் தமிழ்க் காது தடுமாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதற்குத் தீர்வு என்ன? ஐந்து எழுத்து விதி ‘ஒன்’ விஷயத்திலும் தவறான விடையே தருகிறது என்பதை முதலில் கவனியுங்கள். தடுமாறும் ஒலிகள் இரண்டே இரண்டு: யகரம், வகரம். எந்த இடத்தில் தடுமாறுவோம் என்பதும் முன்கூட்டியே தெரியும். இரண்டு ஒலிகளுக்குப் பயிற்சி கொடுப்பது வகுப்பறையில் நடக்கக்கூடிய காரியம். மூன்று பட்டியலை ஆயுள் முழுக்கச் சுமக்கவைப்பதைவிட அது எளிது. கூடவே பிள்ளையின் உச்சரிப்பும் தேறும்.

‘ஆங்கிலமே கேட்காத பிள்ளை எதைக் கேட்கும்?’ கேட்காத பிள்ளைக்குக் கேட்கவைப்பதுதான் பள்ளியின் வேலை. 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. முதல் மூன்று வகுப்புகளுக்கு 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஆங்கிலமும் ஒரு பாடம். பாட்டும் பேச்சும் செயல்பாடுமாகவே அது நடக்கிறது. ஒலிக்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தில் ‘ஏ’, ‘ஆன்’ வந்து உட்காராததற்குக் காரணம் வசதிக் குறைவில்லை; இதை எழுத்துப் பாடம் என்று நாம் முடிவுகட்டி வைத்திருப்பதுதான்.

வகுப்பில் நாம் ‘ஏ’யைச் சொல்லும் விதத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். எழுத்தின் பெயரைப் போல ‘ஏ’ என்று நீட்டி முழக்குகிறோம். இயல்பான ஆங்கிலப் பேச்சில் அது ஏறக்குறைய ‘அ’ என்று குறுகித்தான் ஒலிக்கும். நீட்டிச் சொன்னால் ‘ஏ ஆப்பிள்’ என்பதில் உள்ள இடறல் பிள்ளைக்குத் தெரியாது. குறுக்கி, ‘அ ஆப்பிள்’ என்று சொல்லச் சொல்லுங்கள். தொண்டை ஒரு கணம் அடைபட்டு, பேச்சு நிற்கும். ‘அன் ஆப்பிள்’ என்று சொல்லச் சொல்லுங்கள். வழுக்கிக்கொண்டு போகும். ‘ஆன்’ எதற்காக இருக்கிறது என்பதைப் பிள்ளையின் தொண்டையே அதற்குச் சொல்லிவிடும்.

‘தேர்வில் எழுத்துதானே வருகிறது?’ தேர்வை அப்படி அமைத்தது நாம்தான். ஆப்பிளையும் எக்கையும் மட்டும் கேட்கும் வினாத்தாள் எழுத்து விதியை வாழவைக்கிறது. யூனிஃபார்மும் எஸ்.டி. சர்டிஃபிகேட்டும் ஓல்ட் சில்வர் ஓக்கும் கேட்டால் அந்த விதி ஒரே ஆண்டில் காணாமல் போகும். வினாவை ஆசிரியர் வாய்விட்டு வாசித்து, பிள்ளைகள் விடையை வாயால் சொல்லும் வாய்மொழித் தேர்வுக்கும் எந்தத் தடையும் கிடையாது.

‘மலைப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் அதிகம், மனப்பாடமே போதும்.’ இதை அனுதாபமாகச் சொன்னாலும் அவமதிப்பாகவே எடுத்துக்கொள்கிறேன். மனப்பாடம் போதும் என்று யாருக்குச் சொல்கிறோமோ அவர்களிடமிருந்து காரணம் கேட்கும் உரிமையைப் பறிக்கிறோம். நகரத்துப் பிள்ளைக்கு வீட்டிலும் தொலைக்காட்சியிலும் ஆங்கில ஒலி கிடைக்கிறது. தவறான விதியைக் கற்றாலும் காது அதைச் சரிசெய்துவிடுகிறது. அந்த வாய்ப்பு இல்லாத மலைப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் சொல்வது ஒன்றுதான் ஆங்கிலம். ஆகவே தவறான விதி யாரை அதிகம் பாதிக்கிறதோ அவர்களுக்கே அது போதும் என்கிறோம். சரியான விதி முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் மலைப் பள்ளிதான்.

அங்கே பாடத்தை எதை வைத்து நடத்துவது என்று தேட வேண்டியதே இல்லை. கொல்லிமலையில் ‘நாடு’ என்றே அழைக்கப்படும் 14 ஊர்ப் பகுதிகளின் பெயர்கள் போதும். ‘ஆன் அரியூர் நாடு பாய்’, ‘ஏ வளப்பூர் நாடு கேர்ள்’, ‘ஆன் ஆலத்தூர் நாடு ஃபார்மர்’, ‘ஏ சேலூர் நாடு டீச்சர்’ என்று பிள்ளைகள் தம் ஊரைச் சொல்லிப் பழகட்டும். சோளக்காடு சந்தையில் விற்கும் பொருள்களைச் சொல்லச் சொல்லுங்கள். பலாவும் வாழையும் அன்னாசியும் ஆரஞ்சும் மிளகும் வரும். ‘ஆன் ஆரஞ்சு, ஏ ஸ்வீட் ஆரஞ்சு, ஏ ஜாக்ஃப்ரூட், ஆன் அன்ரைப் ஜாக்ஃப்ரூட்’ என்று மாற்றி மாற்றிச் சொன்னால் அரை மணி நேரத்தில் முடியும் பாடம் இது. ஊர்ப் பெயர்களுக்கு ஆங்கில அகராதியில் இடமில்லை. எந்தப் பட்டியலிலும் அவை வராது. காதை நம்பினால் மட்டுமே விடை கிடைக்கும். அதனாலேயே அவை சரியான பயிற்சி.

ஆகவே என் கோரிக்கை திட்டவட்டமானது. ‘ஏ, ஈ, ஐ, ஓ, யூ’ என்னும் வரியை இந்தப் பாடத்தின் முதல் வரியாக எழுதுவதை ஆசிரியர்கள் நிறுத்த வேண்டும். ‘அடுத்து எந்த ஒலி கேட்கிறது?’ என்ற கேள்வியை அந்த இடத்தில் வைக்க வேண்டும். சொல்லை முதலில் வாய்விட்டுச் சொல்லவைத்து, தமிழில் எழுதவைத்து, அது உயிரில் தொடங்குகிறதா உயிர்மெய்யில் தொடங்குகிறதா என்று பார்க்கவைத்து, கடைசியாகத்தான் ஆங்கில எழுத்துக்கூட்டலுக்குப் போக வேண்டும். யகரம், வகரம் இரண்டுக்கும் தனிப் பயிற்சி வேண்டும். ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரு வகுப்பையாவது சேர்ந்து நடத்த வேண்டும். உயிர், மெய், உயிர்மெய் என்று ஒருவர் கற்பித்ததை மற்றவர் அதே பிள்ளைகளிடம் பயன்படுத்தட்டும். ‘ஏ ஹவர்’ என்று எழுதிய பிள்ளையின் தாளில் சிவப்பு வட்டம் போடும் முன், அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். ‘ஹவர்’ என்று சொன்னால் அதன் ஒலியைத் திருத்துங்கள். அடைமொழியைப் பிள்ளையே திருத்திக்கொள்ளும். விதிவிலக்கு என்ற சொல்லை இந்தப் பாடத்தில் இனி ஒரு முறைகூட உச்சரிக்கத் தேவை இருக்காது.